மாநகரில் ஓதற்பிரிவு: மாணவர்தம் உறைவிடமும் வழிப்பயணமும்

முன்னுரை

கல்வி கருதிப் பிரிதல் தமிழர் வாழ்வில் புதியதன்று. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் பிரிவிற்குரிய காரணங்களை வகுக்குங்கால் ஓதலை முதற்கண் வைத்து எண்ணுகின்றார். அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது எனக் கற்பியலில் காலவரையறையும் செய்கின்றார். இன்றைய இளங்கலைப் பட்டப்படிப்பும் மூன்று ஆண்டுகளே என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமையாகும். ஆயின் பிரிந்து சென்றவன் எங்குத் தங்கினான், நாள்தோறும் எவ்வழி நடந்தான், யார் அவனுக்குச் சோறிட்டனர் என்பனவற்றை அந்நூற்பாக்கள் கூறவில்லை. அது இலக்கண நூலின் வேலையும் அன்று. அவ்வினாக்களை எழுப்பி விடை காண வேண்டிய கடமை நம்முடையது.

நம் கல்லூரிக்கு வாணியம்பாடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும், தஞ்சைத் தரணியின் சிற்றூர்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி ஒரு வாரம் நிற்கிறது. அதன்பின் அறை தேடும் அலைச்சல் தொடங்குகிறது. படிப்பை இடையில் நிறுத்தியவர் பலரிடம் காரணம் வினவியபோது, பாடம் கடினம் என்று சொன்னவர் மிகச் சிலர் என்பதை நாம் கண்டோம். தங்க இடமில்லை, வழி நெடிது, கைப்பணம் போதவில்லை என்று சொன்னவரே மிகுதி. ஆதலின் இப்பொருளைச் சென்னை மாநகரை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முன்னோர் கண்ட நெறி

வழிச்செல்வோர்க்கு இடமளித்தல் அறம் என்பது இம்மண்ணின் பழங்கொள்கை. மணிமேகலைக் காப்பியம் காவிரிப்பூம்பட்டினத்தில் உலகவறவி என்னும் பொது அம்பலம் இருந்ததைக் காட்டுகிறது. போக்கிடமற்றோர் தங்கிய அவ்விடத்திலேயே மணிமேகலை அமுதசுரபி ஏந்தி உணவளித்தாள். பிற்காலத்துச் சாவடிகளும் சத்திரங்களும் இம்மரபின் தொடர்ச்சியே. முஸாபிர்கானா என்று நம் முன்னோர் எழுப்பிய பயணியர் இல்லங்களும் இவ்வகையினவே.

கல்விக்கென்றே அமைந்த உறைவிடங்களும் வரலாற்றில் உண்டு. பாக்தாது நகரில் 1067-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நிழாமிய்யாக் கல்விக்கூடம் மாணவர்க்கு உதவித்தொகையும் தங்குமிடமும் அளித்தது. கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் 'ரிவாக்' எனப்படும் பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு நாட்டு மாணவரும் தத்தம் ரிவாக்கில் தங்கிப் பயின்றனர். புதிதாக வருபவனுக்குத் தன் மொழி பேசும் மூத்த மாணவன் அங்கே இருந்தான். கற்பிக்கும் கூடமும் உறையும் கூடமும் ஒன்றன் இரு கூறுகள் என்று அவர்கள் கருதியமை இதனால் விளங்கும். இன்று நாம் முன்னதைக் கட்டிவிட்டுப் பின்னதை மாணவனின் நல்லூழுக்கு விட்டுவிட்டோம்.

சென்னையின் வழிகள்

சென்னையில் உறைவிடம் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது அதன் வழிகளையே. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுடைய அவ்வழியே சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களை நகரின் உறைவிடங்களாக ஆக்கியது எனலாம். சென்டிரலிலிருந்து அரக்கோணத்திற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் செல்லும் புறநகர் வண்டிகள் மேற்கையும் வடக்கையும் இணைக்கின்றன. 1995-இல் சேப்பாக்கம் வரை திறக்கப்பெற்ற பறக்கும் இரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ இரயில் 2015-ஆம் ஆண்டு சூன் திங்களில் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி, 2019-இல் முதற்கட்டத்தின் 45 கி.மீ. நீளத்தையும் நிறைவு செய்தது. 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டது.

பேருந்து நிலையங்களின் இடமாற்றமும் மாணவரைத் தொடுவதாகும். 2002-இல் கோயம்பேட்டிலும், 2023-ஆம் ஆண்டு திசம்பரில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலும் புதிய நிலையங்கள் திறக்கப்பெற்றன. அதனால் தென்மாவட்டத்திலிருந்து வரும் மாணவன் விடியற்காலையில் நகரின் தெற்கெல்லைக்கு அப்பால் இறங்கி, இராயப்பேட்டைக்கோ புரசைவாக்கத்திற்கோ மீண்டும் ஒரு பயணம் மேற்கொள்ள வேண்டியவனாகின்றான். அவன் தந்தை அறிந்த சென்னையும் அவன் காணும் சென்னையும் ஒன்றல்ல.

கட்டணச் சலுகைகளையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. தொடர்வண்டியில் மாணவர்க்குரிய சலுகைச் சீசன் டிக்கெட் உண்டு. அதற்குக் கல்லூரியின் சான்று வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பஸ் பாஸ் வழங்கப்பெற்று வருகிறது. 2021-ஆம் ஆண்டு மே திங்களில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பெற்றபோது, மாணவியர் பலர் கல்லூரிக் கனவை வீட்டில் எடுத்துரைக்கும் துணிவு பெற்றனர். வழிச்செலவு என்னும் மறுப்புரை ஒன்று அதனால் வலுவிழந்தது.

தொலைவும் காலமும்

வாடகை குறைவென்று தொலைவில் அறை எடுப்போர் பலர். இதனை ஒரு கணக்கால் நோக்குவோம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் வீட்டு வாயில் முதல் வகுப்பு வாயில் வரை இரண்டு மணி நேரம் செலவிடுகின்றான் எனக் கொள்வோம். போகவும் வரவும் நாளொன்றுக்கு நான்கு மணி. பருவத்திற்கு 90 வேலைநாளாக ஆண்டிற்கு 180 நாள். ஆகவே ஆண்டொன்றில் 720 மணி நேரம், அதாவது இரவும் பகலும் சேர்ந்த முப்பது முழுநாள் வழியிலேயே கழிகிறது. மூன்றாண்டுப் படிப்பில் இது மூன்று திங்களாகும்.

வருகைப்பதிவு கருதியும் இதனை எண்ண வேண்டும். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. 90 நாளில் 68 நாளேனும் வந்திருத்தல் வேண்டும். எஞ்சுவன 22 நாளே. முதற்பாட வேளை தவறினால் அரைநாள் இழப்பாகக் கொள்ளும் வழக்கம் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. அவ்வாறாயின் 44 நாள் காலந்தாழ்ந்து வந்தவன், ஒருநாளும் விடுப்பெடாதவனாயினும், தேர்வு எழுதும் உரிமைக்கு எல்லையில் நிற்கின்றான். மழைக்காலத்து வெள்ளமும் தண்டவாளப் பழுதும் அவனை எல்லைக்கு அப்பால் தள்ளப் போதுமானவை.

மற்றொரு கணக்கும் உண்டு. கல்லூரிக்கு அருகிலுள்ள அறைக்குத் திங்களுக்கு 1500 ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். அதனால் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் மீளுமாயின் 22 நாளில் 55 மணி நேரம் கிடைக்கும். மணிக்கு ஏறத்தாழ 27 ரூபாய் கொடுத்துத் தன் காலத்தை அவன் வாங்குகின்றான். குறையும் வழிச்செலவையும் கழித்தால் விலை இன்னும் இறங்கும். இவ்விலை தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் கைந்நிலை நோக்கித் துணிதல் வேண்டும். ஆயின் வாடகையை மட்டும் எண்ணித் துணிதல் குறைக்கணக்கு என்பதே நம் கருத்து.

உறைவிட வகைகள்

சென்னையில் மாணவர் தங்கும் இடங்களை நால்வகைப்படுத்தலாம். ஒன்று, கல்லூரி விடுதி. பாதுகாப்பும் ஒழுங்கும் மிக்கது எனினும் இடம் குறைவு. இரண்டு, அரசின் நல விடுதிகள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எனப் பிரிவுதோறும் இவை உள்ளன. உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறியே பலர் இவற்றை இழக்கின்றனர். மூன்று, மேன்ஷன். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் வேலை தேடி வந்தோர்க்கும் தேர்வுக்குப் படிப்போர்க்கும் தலைமுறை தலைமுறையாக நிழல் தந்தவை. 1795-இல் எழுந்த வாலாஜாப் பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் மேன்ஷனும் மெஸ்ஸும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன. நான்கு, நண்பர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு. 'பேயிங் கெஸ்ட்' எனப்படும் தனியார் விடுதிகளும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

மாணவியர்க்கு விடுதி தேடும் பெற்றோர் ஒன்றை மறவாது வினவுதல் வேண்டும். பெண்களும் சிறாரும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. அதன்படி அவ்விடுதி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமத்தைக் காட்டுமாறு கேட்பது உரிமையாளரை ஐயுறுவதாகாது. அது பெற்றோரின் கடமை.

அறையைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. கோடையில் தண்ணீர் எவ்வாறு வருகிறது, லாரித் தண்ணீருக்குத் தனிப்பணம் உண்டா, மழையில் தெருவில் நீர் நிற்குமா, இரவு ஒன்பது மணிக்குமேல் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் வழி எத்தகையது, மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு கணக்கிடப்படுகிறது ஆகிய ஐந்தையும் கேட்டறிதல் வேண்டும். அங்கு ஏற்கெனவே தங்கியுள்ள மாணவனே இவற்றுக்கு உண்மையான விடை தருவான்.

முன்பணமும் உடன்படிக்கையும்

சென்னையில் பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நகை அடகு வைத்து இதனைக் கட்டிய பெற்றோரை நாம் அறிவோம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பெற்றுப் 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும் என்கிறது. உடன்படிக்கையில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகையைக் கடத்தல் ஆகாது என்றும் அது வரையறுக்கிறது. தண்ணீர், மின்சாரம் முதலிய இன்றியமையா வசதிகளை உரிமையாளர் துண்டித்தலும் தகாது. எழுத்தில் இசைவு பெறாமல் வாடகைக்கு இருப்பவர் பிறருக்கு உள்வாடகைக்கு விடுதலும் தகாது. இச்சட்டம் வாடகை வீட்டிற்குரியது. லாட்ஜு முதலியன இதன் எல்லைக்குள் வாரா.

'வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து' என்ற தொடரைக் கருதுக. பத்து மாத முன்பணம் என்று எழுதிய தாளில் படித்துப் பாராமல் கையெழுத்திட்டவன், தனக்கிருந்த பாதுகாப்பைத் தானே கைவிட்டவனாவான். இலக்கணத்தில் ஒரு சொல்லுருபு பொருளை மாற்றுவது போலவே உடன்படிக்கையில் ஒரு தொடர் வாழ்வை மாற்றும். தமிழ் பயில்வோர் தாம் கற்ற நுண்மையை இங்கும் பயன்கொள்ளல் வேண்டும். கொடுத்த பணத்திற்கு இரசீது பெறுதலும், குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றின் நிலையைக் குறித்து இருவரும் கையெழுத்திடுதலும் பின்னர் எழும் வழக்கைத் தவிர்க்கும்.

வண்டி நிறுத்தமும் அண்டை அயலும்

வழி நெடிதென்று சிலர் ஈருருளி வாங்குகின்றனர். அதன்பின் அதனை எங்கு நிறுத்துவது என்ற வினா பிறக்கிறது. தொடர்வண்டி நிலையத்து ஸ்டாண்டில் டோக்கன் பெற்று வண்டியை விட்டு, எஞ்சிய வழியை வண்டியில் கடப்பது நல்ல முறை. கல்லூரிவரை ஓட்டி வருவோர் வளாகத்தில் இடமின்றித் தெருவில் நிறுத்துகின்றனர். நடைபாதை, சாலைச் சந்திப்பு, வளைவு, பேருந்து நிறுத்தத்தின் அருகு, பள்ளி மருத்துவமனைகளின் வாயில், பிறர் வீட்டு வாயில் ஆகிய இடங்களில் வண்டி நிறுத்தல் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குவிதிகளிலேயே கூறப்பட்டது. பாண்டி பசாரில் 2019-இல் நடப்போர்க்கென அகன்ற நடைபாதை அமைத்தபோது, தெரு வண்டிக்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் நகருக்கு நினைவூட்டப்பட்டது.

இவ்விடத்து நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் தகும். கல்லூரியை ஒட்டிய சந்து ஒன்றில் நம் மாணவர் வண்டிகளை இருவரிசையாக நிறுத்துவது வழக்கம். ஒருநாள் முற்பகல் அங்குள்ள மூதாட்டி ஒருவர்க்கு மூச்சுத்திணறல் கண்டது. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. இரண்டு பூட்டிய வண்டிகளை அண்டை வீட்டார் தூக்கி நகர்த்தினர். பின்னர் அம்மூதாட்டியை நாற்காலியில் அமர்த்தித் தெருமுனைவரை சுமந்து சென்றனர். அவர் பிழைத்தார். இறைவனுக்கே புகழ். வண்டி யாருடையது என்று நாம் வகுப்பில் வினவியபோது இருவர் எழுந்து நின்றனர். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். தேர்வுக்குக் காலந்தாழ்ந்தமையால் கண்ட இடத்தில் நிறுத்தியவர்கள்.

ஆயின் கதை அதனோடு முடியவில்லை. அச்சந்தில் மூன்று வீட்டார் மாடி அறைகளை மாணவர்க்கு வாடகைக்கு விட்டிருந்தனர். அடுத்த பருவத்தில் மூன்றும் மூடப்பட்டன. "பிள்ளைகளுக்குத்தான் அய்யா இடம் விட்டோம், எங்களுக்கு வாசலை விட்டிருக்கலாமே" என்று அவ்வீட்டுப் பெரியவர் நம்மிடம் கூறினார். விடை கூற நமக்கு இயலவில்லை. ஒருவன் நிறுத்திய வண்டி, பின்னால் வரும் பத்துப் பேரின் உறைவிடத்தை மறித்துவிட்டது. அவ்விரு மாணவரும் அப்பெரியவரிடம் நேரிற் சென்று மன்னிப்பு வேண்டினர். ஓராண்டு கழித்து ஒரு மாடி மட்டும் மீண்டும் திறந்தது.

வழியில் உயிர்

பேருந்துப் படியில் தொங்குதல் வீரம் எனக் கருதும் மயக்கம் இன்னும் நீங்கவில்லை. 2018-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள், மின்கம்பிப் பழுதால் புறநகர் வண்டி விரைவுப் பாதைக்கு மாற்றப்பட்டபோது, படியில் தொங்கிச் சென்றோர் சிலர் பரங்கிமலை நிலையத்துச் சுவரில் மோதி உயிரிழந்தனர். நாள்தோறும் இடம் தந்த வெளி அன்று இல்லை. அவர்கள் செய்த பிழை நேற்றுவரை தண்டிக்கப்படாத பிழை என்பதை நினைத்தல் வேண்டும்.

'ரூட்டு தல' என ஒருவனைத் தலைவனாக்கி, வேறு வழித்தடத்து மாணவரைப் பகைவராகக் கொள்ளும் வழக்கமும் வருந்தத்தக்கது. 2019-ஆம் ஆண்டு சூன் திங்களில் 'பஸ் டே' என்று பேருந்தின் கூரைமேல் ஏறியோர் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடு கண்டது. வழித்தட எண் ஒரு குலப்பெயராதல் நகைப்புக்குரியது. ஒரே பேருந்தில் வருவோர் ஒருவர்க்கொருவர் குறிப்பேடு தந்து உதவும் குழுவாக அமைந்தால், அல்-அஸ்ஹரின் ரிவாக்கு நம் பேருந்திலேயே உருவாகும்.

பெயர் கேட்கும் வாயில்

மறைக்காது கூற வேண்டிய ஒன்று உண்டு. தொலைபேசியில் 'அறை காலி' என்றவர், பெயரைக் கேட்டபின் 'இப்போதுதான் ஆள் வந்துவிட்டார்' என்கின்றார். இதனைப் பட்டறிந்த மாணவர் நம்மிடையே உளர். உணவை முன்னிட்டும் சமயத்தை முன்னிட்டும் சாதியை முன்னிட்டும் மூடப்படும் வாயில்கள் மாநகரில் குறைவல்ல. திருமணமாகாதோர்க்கு இல்லை என்னும் பலகையும் அதனருகே தொங்குகிறது.

இதற்கு வருந்தும் நாம் நம் வாயிலையும் நோக்குதல் வேண்டும். நம் கல்லூரியில் எல்லாச் சமயத்தாரும் பயில்கின்றனர். நம் பெருமக்கள் வீட்டு மாடியைக் கேட்டு வரும் பிற சமய மாணவனிடமும், சேரியிலிருந்து வரும் மாணவனிடமும் நாம் எவ்வினாக்களைக் கேட்கின்றோம்? நமக்குச் செய்யப்படும்போது புண்ணாவது நாம் செய்யும்போது வழக்கமாகிவிடுதல் நடுவுநிலைமையன்று.

செய்யத்தக்கன

மாணவர் மூன்றினை மேற்கொள்ளலாம். சேர்க்கை கிடைத்த அன்றே விடுதிக்கு விண்ணப்பித்தல், கையெழுத்திடுமுன் உடன்படிக்கையை மூத்தவர் ஒருவரிடம் காட்டுதல், அண்டை அயலாரின் வாயிலைத் தம் வாயிலாகக் கருதுதல் என்பன அவை.

ஆசிரியராகிய நாம் ஒவ்வோர் ஆண்டும் சூன் திங்களில் முதலாண்டு மாணவர்தம் உறைவிடம், வழித்தடம், பயண நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். நாள்தோறும் காலந்தாழ்ந்து வருபவன் சோம்பேறியா, அரக்கோணத்திலிருந்து வருபவனா என்பதை அறிந்தபின் கடிந்துகொள்ளல் முறை. நம்பத்தக்க அறைகளின் பட்டியலை மூத்த மாணவர் துணையோடு துறையிலேயே வைத்திருக்கலாம்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாடி அறை, நியாயமான வாடகை, மூன்று மாதத்திற்கு மேற்படாத முன்பணம் ஆகிய மூன்றும் ஓர் உதவித்தொகைக்கு ஈடானவை. தம் பெயரில் ஒரு கட்டடம் எழுப்ப இயலாதோர்க்கும் இது இயலும்.

நிறைவுரை

கல்விக்கெனப் பிரிந்து வந்தவன் மூன்றாண்டில் மீள்வான் என்று தொல்காப்பியர் காலம் குறித்தார். அவன் பட்டத்தோடு மீள்வதும் இடையில் வெறுங்கையோடு மீள்வதும் அவன் அறிவை மட்டும் பொறுத்தவை அல்ல என்பதை இதுகாறும் கண்டோம். அந்தச் சந்தில் இன்னும் இரண்டு மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கச் செய்யும் நன்னடத்தை நம் மாணவரிடத்தும், அவர்க்குத் துணைநிற்கும் உள்ளம் நம் எல்லாரிடத்தும் அமைவதாக.